வெள்ளைத் தூசி: கண்காணிப்பு அரசை எதிர்க்கும் கதைகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

திருப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறோம். பெரும்பாலும் பனியன் கம்பெனி ஆட்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரும் வருவார்கள். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே குறையோடு வருகிறார்கள். "1984 வாங்கி வெச்சேனுங்க அக்கா. முப்பது பக்கம் போச்சு, அதுக்கு மேல நகரவே இல்லீங்க."

1984 என்பது ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நாவல். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அரசு, அதற்குள் முரண்டு பிடிக்கும் ஓர் ஆள். இந்தக் கதையை உலகத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள். கஷ்டமான கதைகள் இல்லை. எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது என்று சொல்ல ஆள் இல்லாததால்தான் பாதியில் நின்றுபோகின்றன.

புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால்

முதலில் ஒரு நாள் செலவு செய்யுங்கள். கோடு போட்ட சின்ன நோட்டு ஒன்றை வாங்கி, காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை உங்களை யார் பார்த்தார்கள், எது பதிவு செய்தது என்று எழுதுங்கள். என் பட்டியலில் ஒரு நாள் இப்படி இருந்தது: வாசல் தெளிக்கும்போது எதிர்வீட்டுப் பாட்டி, டீக்கடைக் கூரையில் கேமரா, பஸ் ஸ்டாண்டில் இன்னும் நான்கு, கம்பெனி கேட்டில் விரல் வைக்கிற மெஷின், செக்கிங் டேபிளுக்கு மேலே ஒரு கேமரா, பணம் அனுப்பிய கைபேசி, ராத்திரி படியேறும்போது "இன்னிக்கு லேட்டுங்களா?" என்ற வீட்டுக்காரர்.

எழுதி முடித்ததும் நாமும் அந்த நாவலுக்குள்தான் இருக்கிறோம் என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். அங்கே கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பார்க்கிறவர் யார்? பார்த்ததை வைத்து என்னை என்ன செய்ய முடியும்? அதை எதிர்த்துக் கேட்க எனக்கு ஒரு வாசல் இருக்கிறதா? எதிர்வீட்டுப் பாட்டி பார்த்தால் அதிகம் போனால் அம்மாவிடம் சொல்வார். கேமராவைப் பற்றிக் கேட்க வழி குறைவு, ஆனால் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பு எழுதிய நாடு இது. 1984 நாவலின் நாயகன் வின்ஸ்டன் டைரி எழுதத் தொடங்கும் இடத்தில் ஆர்வெல் ஒரு விஷயம் சொல்கிறார்: அது சட்டவிரோதம் இல்லை, ஏனென்றால் அந்த நாட்டில் சட்டம் என்று ஒன்றே இல்லை. பிடிபட்டால் மட்டும் சாவு, அல்லது இருபத்தைந்து வருஷம் கட்டாய உழைப்பு முகாம். மூன்றாவது கேள்விக்கு வாசலே இல்லாத நாடு எப்படி இருக்கும் என்பதைத்தான் இந்த நாவல்கள் காட்டுகின்றன. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், எல்லாவற்றையும் "அட, இது நம்ம கதைதான்" என்று மேலோட்டமாகத் தலையாட்டிக் கடந்துபோக மாட்டீர்கள். நம் ஊரில் எந்த வாசல் சாத்திக்கொண்டு வருகிறது என்பதும் கண்ணில் படும்.

இன்னொன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நான் எட்டு வருஷம் வேலை செய்த ஒரு கம்பெனியில் தளத்துக்கு மேலே கருப்புக் கண்ணாடி போட்ட கேபின் ஒன்று இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது கீழேயிருந்து தெரியாது. பாதி நாள் அது பூட்டித்தான் கிடந்தது என்பது வேலையை விட்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த எட்டு வருஷமும் தலை நிமிர்ந்து பக்கத்து டேபிளோடு சிரித்துப் பேசியவர்கள் யாரும் இல்லை. 1780களில் ஜெரமி பெந்தம் வகுத்த சிறைத் திட்டம் இதேதான்: நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள், கோபுரத்தில் ஆள் இருக்கிறானா என்பது கைதிக்குத் தெரியவே கூடாது. அதற்கு மூல யோசனை அவர் தம்பி சாமுவேலுடையது. ரஷ்யாவில் பட்டறை வேலையாட்களை மேற்பார்வை பார்க்க அவர் யோசித்த கட்டடத்தைத்தான் அண்ணன் சிறைக்கு எடுத்துக்கொண்டார். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மில்லில் வேலை பார்த்த அக்காமார் யாரும் ஆச்சரியப்படவில்லை.

எதில் தொடங்குவது

நேராக 1984க்குப் போகாதீர்கள். நம் மண்ணிலேயே ஒரு வாசல் இருக்கிறது. திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் எழுதிய 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. வயதான தம்பதி ஒரு கருப்பு வெள்ளாட்டுக் குட்டியை வளர்க்கிற கதை. அதில் ஒரு வரிசை வரும். ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தி அடையாளம் போட்டு அரசாங்கக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகக் கிழவி குட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். குட்டி எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள் என்று அதிகாரிகள் குடைகிறார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு, தாலுகா ஆபீஸ் மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு இந்தப் பக்கங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எழுதியவரின் கதையையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வேறொரு நாவலுக்கு எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தவர் அவர். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகு வந்த நாவல்தான் பூனாச்சி. மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு ஆட்டைப் பற்றி எழுதுகிறார். அந்த முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இரண்டு தடவை படியுங்கள்.

அடுத்தது ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451', 1953இல் வந்தது. வெ. ஸ்ரீராம் தமிழில் கொடுத்திருக்கிறார். தீயணைப்புக்காரர்களே புத்தகங்களைக் கொளுத்தும் ஊர். கதாநாயகன் மோன்டாக்கின் மனைவி ராத்திரி முழுக்கக் காதில் சிப்பி மாதிரி ஒரு ரேடியோவைச் செருகிக்கொண்டு தூங்குகிறாள். வீட்டுச் சுவரில் மூன்று பக்கம் திரை ஓடுகிறது, நான்காவதும் வேண்டும் என்கிறாள். வேகமாக ஓடும் கதை என்பதால் இதை இரண்டாவதாக வைக்கிறேன். நான்கு ராத்திரியில் முடிந்துவிடும்.

முடிவில் மோன்டாக் ஊரை விட்டுத் தப்பி ஆற்றைக் கடந்து போய் ஒரு கூட்டத்தைச் சேர்கிறான். அங்கே ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். புத்தகத்தை எரிக்கலாம், ஆளின் ஞாபகத்தை என்ன செய்வது? ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு இது ஒரு கற்பனை. நமக்கு அப்படி இல்லை. எங்கள் கொங்கு நாட்டு அண்ணமார் சாமி கதையை உடுக்கடித்து இரவு இரவாகப் பாடுகிறவர்களைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. குன்னுடையாக் கவுண்டர், தாமரையிலிருந்து பொன்னர், சங்கர், தங்காள்வரை எல்லாம் தொண்டைக்குள் இருந்தது. அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டு கடைசி இருபது பக்கத்தைப் படியுங்கள். ஏட்டைக் கொளுத்தினாலும் பாட்டைக் கொளுத்த முடியாது என்பதை நம் பாட்டுக்காரர்கள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள்.

இப்போது 1984

க.நா.சு. மொழிபெயர்ப்பு தமிழில் உண்டு. கோவையில் கொடிசியா புத்தகக் கண்காட்சி, ஈரோட்டில் ஆகஸ்டில் நடக்கும் புத்தகத் திருவிழா, எங்கள் திருப்பூர்த் திருவிழா, எங்கே போனாலும் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் கொஞ்சம் வரும் என்றால் மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வெலின் ஆங்கிலம் எளிமையானது.

ஜார்ஜ் ஆர்வெல் பிறந்தது பீகாரில், மோதிஹாரியில், 1903இல். இருபது வயது வாக்கில் பர்மாவில் ஐந்து வருஷம் பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரியாக இருந்தார். கண்காணிப்பை அவர் தள்ளி நின்று கற்பனை செய்யவில்லை. லத்தி பிடித்த கைக்கு அது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். காசநோயோடு ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் உட்கார்ந்து இந்த நாவலை எழுதி முடித்தார். 1949 ஜூனில் வெளிவந்தது. 1950 ஜனவரியில் அவர் போய்விட்டார்.

படிக்கும் முறைக்கு வருவோம். முதல் அத்தியாயத்தைப் படித்ததும் நிறுத்திவிட்டு வின்ஸ்டனின் அறையை ஒரு தாளில் வரையுங்கள். டெலிஸ்கிரீன், அதாவது படம் காட்டிக்கொண்டே ஆளையும் பார்க்கிற, பேச்சையும் கேட்கிற திரை, எந்தச் சுவரில்? அதன் சத்தத்தைக் குறைக்கலாம், முழுக்க அணைக்க முடியாது. ஆனால் வழக்கத்துக்கு மாறாக ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அது மாட்டப்பட்டிருப்பதால், பக்கவாட்டில் ஒரு சின்ன உள்வாங்கல் அதன் பார்வைக்குத் தப்புகிறது. புத்தக அலமாரிக்காக விட்ட இடமாக இருக்கலாம். அங்கே உட்கார்ந்துதான் வின்ஸ்டன் டைரி எழுதுகிறான். கலகம் முழுக்க இந்த இரண்டடி இடத்தில் தொடங்குகிறது. படம் வரையாமல் படித்தவர்கள் பெரும்பாலும் இதைத் தவற விடுகிறார்கள்.

அப்புறம் அந்த நோட்டில் "மிகச் சிறிய மீறல்" என்று தலைப்புப் போட்டு, வின்ஸ்டன் செய்யும் சின்னச் சின்னக் காரியங்களை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். பழைய சாமான் கடையில் டைரி வாங்கினான். மைப்பேனா வாங்கினான். பவளம் பதித்த ஒரு கண்ணாடிக் குண்டு வாங்கினான். அதற்கு ஒரு உபயோகமும் இல்லை, அழகாக இருந்தது என்பதற்காக வாங்கினான். உபயோகமில்லாத ஒன்றை வைத்திருப்பதே அங்கே சந்தேகத்துக்குரியது.

இந்தப் பட்டியலில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தூசி. டைரியை மேசை இழுப்பறையில் வைக்கும்போது அதை ஒளிப்பது வீண் என்று அவனுக்குத் தெரியும். யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்றாவது தெரிய வேண்டும். விரல் நுனியால் வெள்ளையான ஒரு தூசித் துகளை எடுத்து அட்டையின் மூலையில் வைக்கிறான். நோட்டை யாராவது அசைத்தால் அது விழுந்துவிடும். ஒரு பேரரசுக்கு எதிராக ஒரு துளி தூசி. முதல் தடவை படிக்கும்போது இது ஒரு வரிதான், கண் நழுவிப் போய்விடும். நாவலின் மூன்றாம் பகுதியில், எல்லாம் முடிந்த பிறகு அவனுக்குத் தெரிய வருகிறது: ஏழு வருஷமாக அவனைப் பூச்சியைப் பார்க்கிற மாதிரி பார்த்திருக்கிறார்கள். அந்தத் தூசியைக்கூட, எடுத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் பத்திரமாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். சித்திரவதைப் பக்கங்களைவிட இந்த இடம்தான் என்னைத் தூங்க விடவில்லை. அந்த அரசு எப்படிப்பட்டது என்று இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். இந்த இரண்டு இடங்களையும் கண்டுபிடித்துப் பக்கத்தில் மடிப்புப் போட்டு வைத்தால் நாவல் உங்கள் கைக்கு வந்துவிடும்.

காட்டிக் கொடுப்பவர்களையும் தனியாகக் குறியுங்கள். மெஷின்கள் பிடிப்பது குறைவு. பக்கத்து வீட்டு பார்சன்ஸ் ஆளும் கட்சிக்கு உயிரைக் கொடுக்கும் ஆள். அவனைப் பிடித்துக் கொடுத்தது அவனுடைய ஏழு வயது மகள். தூக்கத்தில் அவன் உளறியதைச் சாவித்துளையில் காது வைத்துக் கேட்டிருக்கிறாள். அந்த மகளைப் பற்றி அவன் பெருமையாகப் பேசுகிறான். பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்ற பழமொழி இருக்கிறதே, தூக்கத்தில் பேசினால் என்ன செய்வது என்று அதற்கும் தெரியாது.

நடுவில் ஒரு இடம் எல்லோரையும் மடக்கும். தடைசெய்யப்பட்ட அரசியல் நூல் ஒன்றை வின்ஸ்டன் பக்கம் பக்கமாகப் படிக்கிறான், அதை ஆர்வெல் அப்படியே கொடுக்கிறார். முதல் வாசிப்பில் தாராளமாகத் தாவிவிடுங்கள். அவன் படித்துக் காட்டும்போது காதலி ஜூலியாவே தூங்கிப் போகிறாள். கடைசியில் இருக்கும் மொழி பற்றிய பின்னிணைப்பை மட்டும் விடக் கூடாது. அது முழுக்க இறந்த காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அந்த ஆட்சி முடிந்துபோய் யாரோ ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிற மாதிரி. ஆர்வெல் அதை அப்படித்தான் நினைத்தாரா என்று வாசகர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். நான் அதை நம்புகிற கட்சி.

சொல் குறைந்தால்

அந்தப் பின்னிணைப்பு பேசுவது நியூஸ்பீக் என்ற மொழியைப் பற்றி. வருஷா வருஷம் அகராதியைச் சுருக்கிக்கொண்டே வருகிறார்கள். 'கெட்டது' என்ற சொல் வேண்டாம், 'நல்லதல்லாதது' போதும். சொல் இல்லை என்றால் அந்த எண்ணமும் வராது என்பது கணக்கு.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் பாட்டி பேசும் பத்துச் சொற்களை எழுதுங்கள். வெசனம், ஒரம்பரை, பொழுதோட, அக்கட்டால, இப்படி. அதில் ஒன்றை அடித்துவிட்டு, அது இல்லாமல் அதே சங்கதியைச் சொல்லிப் பாருங்கள். 'வெசனம்' போனால் 'கவலை' இருக்கிறது. ஆனால் மகன் ஊருக்குப் போன மறுநாள் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருப்பதை 'கவலை' தொடாது.

சொல்லை வெட்டுவது இருக்கட்டும், சொல்லுக்குள் ஒளிந்துகொள்வதும் உண்டு. அதை நானே செய்திருக்கிறேன். பதினேழு வயதில் ஒரு நூல் மில் விடுதியில் இருந்தேன். போன் வார்டன் அறையில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்குப் பத்து நிமிஷம், வார்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அழுதாலோ குறை சொன்னாலோ லைன் கட்டாகும், அடுத்த மாதம் லீவும் கிடையாது. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மாவும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எங்கள் வீட்டில் நான்கு ஆடுகள் தவிர வேறு உருப்படி கிடையாது. ஆனால் நான் போனில் "செவலக் கன்னுக்குட்டி எப்படி இருக்குதும்மா?" என்று கேட்டால் இங்கே இருக்க முடியவில்லை என்று அர்த்தம். "தண்ணி குடிக்குது" என்றால் கொஞ்சம் பொறுத்துக்கோ. ஐந்து மாதம் அந்த இல்லாத கன்றுக்குட்டி தண்ணீர் குடித்தது. வார்டன்கூட ஒரு தடவை "கன்னுக்குட்டி மேல உனக்கு அவ்வளவு பாசமா?" என்று கேட்டார். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு அம்மா சொன்னது: "கன்னுக்குட்டிய வித்தாச்சு கண்ணு." அடுத்த வாரம் அப்பா கேட்டில் நின்றார்.

பல வருஷம் கழித்து வின்ஸ்டனின் அறையை வரைந்தபோதுதான் தெரிந்தது, எனக்கும் இரண்டடி இடம் இருந்திருக்கிறது என்று. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்திருக்கும். அதை ஞாபகத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் படித்தால் நாவல் வேறு மாதிரி பேசும்.

உண்மையில் நடந்தது

கதை மட்டும் படித்தால் இதெல்லாம் மிகை என்று ஒரு கட்டத்தில் தோன்றும். அப்போது கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியைப் பற்றிக் கொஞ்சம் படியுங்கள். 1989இல் பெர்லின் சுவர் விழுந்தபோது அதில் சுமார் 91,000 பேர் முழுநேர ஊழியர்கள். அது போக, பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர் என்று சுமார் 1,89,000 பேர் ரகசியத் தகவலாளிகள். கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். கோவை ஜங்ஷனில் அலமாரியை வைக்கத் தொடங்கினால் ஈரோடு ஜங்ஷனைத் தாண்டியும் மிச்சம் இருக்கும். ஆட்சி ஆடியபோது அதிகாரிகள் கோப்புகளைக் கையாலேயே கிழித்தார்கள். கிழித்த தாள்கள் மட்டும் சுமார் 16,000 மூட்டை. அவற்றையும் மக்கள் தூக்கிப் போட விடவில்லை. பிறகு துண்டு துண்டாக ஒட்டவைக்கும் வேலை நடந்தது. தன்னைப் பற்றி எழுதியதைப் படித்துப் பார்க்கும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது. யார் காட்டிக் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்பியவர்கள் உண்டு.

மற்ற இரண்டு

1984 முடிந்தவர்களுக்கு யெவ்கெனி ஜமியாத்தினின் 'நாம்'. 1920, 21இல் ரஷ்யாவில் எழுதியது. சொந்த நாட்டில் அச்சாக 1988 ஆயிற்று. வீடெல்லாம் கண்ணாடிச் சுவர், மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆர்வெல் தன் நாவலுக்கு முன்பே இதைப் படித்து மதிப்புரை எழுதியவர். அவர் எங்கிருந்து கிளம்பினார் என்பது புரியும். நடை கொஞ்சம் முரடு, பொறுமை வேண்டும்.

மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய 'கைப்பணிப்பெண்ணின் கதை' நாவலைப் பெண்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். ஒரே நாளில் பெண்கள் எல்லோருக்கும் வேலை போகிறது, பணக் கார்டு செல்லாமல் போகிறது, கணக்கில் இருந்த பணம் கணவன் அல்லது நெருங்கிய ஆண் உறவின் பேருக்கு மாறுகிறது. எங்கள் கூட்டத்தில் இந்தப் பகுதியை வாசித்தபோது ஓவர்லாக் ஓட்டும் ஓர் அக்கா, "என் ஏ.டி.எம். கார்டு இப்பவே எங்க வீட்டுக்காரர்கிட்டத்தானுங்க இருக்குது" என்றார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது கார்டு அவருடைய சின்னப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினார்.

நான்கு ஐந்து பேர் சேர்ந்து படிப்பதென்றால்

தனியாகப் படிப்பதைவிட இதுதான் நல்லது. ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு தடவைக்கு ஐம்பது பக்கம் போதும். ஆளுக்கு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து வந்து சத்தமாக வாசிக்க வேண்டும், பிறகுதான் பேச்சு. முதல் ஒரு மணி நேரம் இன்றைய கட்சி எதையும் இழுக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் புத்தகம் மூடிவிடும், பிறகு எல்லோரும் ஏற்கெனவே நினைத்ததையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது மணி நேரம் உங்கள் விருப்பம். எங்கள் வாத்தியார் அப்போதுதான் அவசர நிலையைப் பற்றிச் சொன்னார். 1975 ஜூன் கடைசியில் ஒரு ஆங்கில நாளிதழ் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சடித்தது. படிக்க ஒன்றுமில்லாத அந்தக் கட்டத்தை எல்லோரும் படித்தோம் என்றார்.

முடிவுப் பகுதிக்கு ஒரு முழுக் கூட்டத்தை ஒதுக்குங்கள். அங்கேதான் ஆட்கள் மனம் உடைந்து போவார்கள். சித்திரவதைக்கான நூற்றொன்றாம் எண் அறை, எலிக்கூண்டு, வின்ஸ்டன் ஜூலியாவைக் காட்டிக் கொடுப்பது, கடைசியில் அந்த ஆட்சியின் தலைவனான பெரியண்ணனை நேசிப்பது. போன வருஷம் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டான்: "கடைசீல அவந்தான் தோத்துப்போறானேங்க அக்கா. அப்பறம் எதுக்குங்க இதையப் படிக்கோணும்?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். செக்கிங் அக்கா முந்திக்கொண்டார். "ஏழு வருஷம் எதுக்குங் தம்பி அவன் பின்னாடியே சுத்துனாங்க? ஒரு ஆளு மனசுக்குள்ள நெனச்சதுக்கு அத்தனை மெஷினு, அத்தனை பேருக்குச் சம்பளம். தூசிய எடுத்து மறுபடி வெக்கறதுக்குன்னே ஒரு ஆளு. அவன் ஒண்ணுமே இல்லைன்னா அந்தச் செலவு எதுக்கு?"

அவன் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் கடைசிப் பயிற்சியைக் கொடுத்தேன். நீங்களும் கடைசியாக இதைச் செய்யுங்கள். உங்களுக்கென்று இருக்கும் இரண்டடி இடத்தைப் பற்றி ஒரே ஒரு பக்கம், கையால் எழுத வேண்டும். வாசிப்பதும் வாசிக்காததும் அவரவர் இஷ்டம்.

பதினைந்து நாள் கழித்து அந்தத் தம்பி நான்காக மடித்த தாளோடு வந்தான். ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு, கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பாடுவானாம். ஊரில் பாடிய பாட்டு, இங்கே வந்த பிறகு யார் முன்னாலும் பாடியதில்லை என்று எழுதியிருந்தான். என்ன பாட்டு என்று எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை.